கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு அடி

அந்தப் பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். சுவரில் இருந்த என் தங்கையின் படத்தை எடுத்தாள். ஓங்கித் தரையில் அடித்தாள்.

"என் புருஷனுக்குக் காது போச்சு. பெத்த குழந்தை வீறிட்டு அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கறாரு. உங்க வீட்டுப் பொண்ணு படத்தைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுக்கறீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. அந்தக் கண்ணோடு குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். வந்தவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதுகொண்டே போய்விட்டாள்.

"அவளைத் திட்டாதடா. அவகிட்ட வேற யாரு பேரைச் சொல்லியிருக்காங்க?" என்றாள் அம்மா.

வேறு யார் பெயரையும் சொல்லவில்லைதான். நிறுவனம் அனுப்பிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நரம்பு வலிக்கான புது மருந்தின் வரைபடத்தைத் தவறாக வரைந்து உற்பத்திக்கு அனுப்பியது மறைந்த வேதியியலாளர்தான் என்றும், பதினோரு நோயாளிகள் பாதிக்கப்பட்டதற்கு அவரே முழுப் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு அதைப் பதிவுசெய்து கோப்பை மூடப்போகிறது. இறந்துபோனவள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

வேனை ஓட்டியவர் முன்னாள் பஸ் கண்டக்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர். தோளில் டீ ஃப்ளாஸ்க் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஊரே அவரை ஃப்ளாஸ்க் என்றுதான் கூப்பிடும். பின் இருக்கையில் மேடம். விபத்து இன்ஷூரன்ஸில் முப்பது வருடம் பொய் சொல்பவர்களின் முகங்களைப் பார்த்துச் சலித்து, ஓய்வுக்குப் பிறகும் அதே வேலையைச் சொந்தமாகச் செய்பவர். பத்து நாளாக என் தங்கையின் பெயருக்காக அலைகிறார்.

"ஏறுங்க தம்பி. கம்பெனில உங்க தங்கச்சி பொருளை எடுத்துக்க அரை மணி நேரம் அனுமதி கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள ஒரு பொய்யைப் பிடிக்கணும்."

"மேடம், அரை மணில நான் ஒரு டீயே முழுசாக் குடிக்க மாட்டேன்" என்றார் ஃப்ளாஸ்க்.

மேடம் என்னிடம் கையை நீட்டினார். நான் இரண்டு பொம்மைகளை அவர் மடியில் வைத்தேன். ஒரு சாயங்காலம் என் தங்கை எனக்குப் புரியவைப்பதற்காகச் செய்தவை. நடுவில் ஒரு களிமண் உருண்டை. அதிலிருந்து நான்கு திசையில் நான்கு தீக்குச்சி. ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் உருண்டை. என் பெயிண்ட் டப்பாக்களில் முக்கி எடுத்தவை: சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. இரண்டு பொம்மையிலும் அதே நான்கு நிறம். சிவப்பும் மஞ்சளும் மட்டும் இடம் மாறியிருக்கும்.

மேடம் இரண்டையும் முன் இருக்கைக்கு நீட்டினார். "சிக்னல் விழற வரைக்கும் இதை ஒண்ணு மேல ஒண்ணு பொருத்திப் பாருங்க."

ஃப்ளாஸ்க் திருப்பினார், கவிழ்த்தார், தலைகீழாகப் பிடித்தார். சிவப்பு பொருந்தினால் பச்சை முரண்டு பிடித்தது. பச்சையைச் சரிசெய்தால் மஞ்சள் வேறு பக்கம் போனது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்தினான்.

"என்ன மேடம் இது! பார்க்க ரெண்டும் இரட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கு. சேர்த்து நிறுத்தினா சம்பந்தியாட்டம் முறைச்சுக்குதுங்க."

"ரெண்டு கை மாதிரி" என்றேன். அது என் தங்கையின் வார்த்தை. "வலது கால் செருப்பை இடது கால்ல போட முடியாதுல்ல, அப்படின்னு சொல்லுவா. எடை ஒண்ணு, உருகுற சூடு ஒண்ணு, எந்தச் சோதனை பண்ணாலும் ஒரே மாதிரி காட்டும். ஒளியைத் திருப்புற பக்கம் மட்டும்தான் மாறும். ஆனா நம்ம உடம்புக்கு வித்தியாசம் தெரியும். வலக்கை மருந்து நரம்பு வலியைத் தீர்க்கும். இடக்கை மருந்து…"

"காதைத் தின்னும்" என்று முடித்தார் ஃப்ளாஸ்க். அதற்கப்புறம் அவர் ஜோக் அடிக்கவில்லை. ஒரு தெரு தாண்டும் வரைக்கும்.

மேடம் உற்பத்தித் தாளின் நகலை விரித்தார். கையால் வரைந்த படம். வளைந்த அறுகோணம் ஒன்று, அதன் மூலைகளிலிருந்து சில கோடுகள், மூன்று இடத்தில் ஹெச்சும் ஓவும். கீழே என் தங்கையின் சுருக்கக் கையெழுத்து. சில கோடுகள் ஆப்பு மாதிரி தடித்திருந்தன. அப்படியென்றால் அந்த முனை நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. சில கோடுகள் துண்டு துண்டாக இருந்தன. அவை நம்மைவிட்டு விலகிப் போகின்றன. மருந்துச் சோதனைக்கு அனுமதி கொடுத்த தாளில் இருந்தது வலக்கை; உற்பத்திக்குப் போன இந்தத் தாளில் இருந்தது இடக்கை மருந்து. தொழிற்சாலை தாளைப் பார்த்தது, அப்படியே செய்தது.

அம்மாவின் அறுவை சிகிச்சையிலிருந்து இன்றுவரையான ஆறு வாரத்தையும் நாங்கள் ஏற்கெனவே வரிசைப்படுத்தியிருந்தோம். அம்மாவின் கண்ணுக்காகத் தங்கை மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். அந்த மூன்று நாளுக்குள் இந்தத் தாள் உற்பத்திக்குப் போனது. அவள் கட்டாயம் செய்யும் ஒளிச் சோதனையை அவசரம் என்று சொல்லி யாரோ தவிர்த்திருக்கிறார்கள். நோயாளிகளுக்குக் காது மந்தமாகிறது என்று கேள்விப்பட்ட அன்று அவளே மிச்சமிருந்த மருந்தை எடுத்துச் சோதித்தாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையில் பறந்தாள். குற்ற உணர்ச்சியில் தப்பி ஓடினாள், லாரியில் மோதினாள் என்றது நிறுவனம்.

"தப்பி ஓடறவ வீட்டுக்கு ஓடுவா, ஸ்டேஷனுக்கு ஓடுவா" என்று முதல் நாளே மேடம் சொன்னார். "இந்தப் பொண்ணு விழுந்து கிடந்தது ஆஸ்பத்திரி ரோட்டுல. மாத்திரையை நிறுத்தப் போயிருக்கா."

அதைக் கேட்ட அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. துக்கத்தால் என்று சொல்ல மாட்டேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

நிறுவனத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில் ஓர் அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஃப்ளாஸ்க் அவருக்கு மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் முப்பது வருடம் சில்லறை வாங்கிய கை, பேச்சையும் வாங்கிவிடும்.

"அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணு" என்றார் அந்த அம்மாள் தாழ்ந்த குரலில். "கண்ணாடியிலதான் எழுதும். 'அழிக்காதீங்க அக்கா'ன்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்கும். நானும் ஒரு நாளும் கை வெச்சதில்ல. அது போன மறுநாள் சார் கூப்பிட்டு, அந்த ஒரு கண்ணாடியை மட்டும் உடனே துடைன்னாரு. சீட்டையும் கிழிக்கச் சொன்னாரு."

"எந்த சார்?" என்றார் மேடம்.

அம்மாள் தாடையால் ஒரு கதவைக் காட்டினார். துணை மேலாளர்.

நான் இடையில் புகுந்தேன். "தண்ணி போட்டுத் துடைச்சீங்களா, சும்மா துணியாலயா?"

"சும்மாதான். ரெண்டு இழுப்பு. எனக்கு மனசே வரல."

கடைக் கண்ணாடிகளில் பெயர் எழுதுவது என் தொழில். பதினெட்டு வருடமாக. மேடத்தை ஓரமாக இழுத்துச் சொன்னேன். "வெறும் துணி மையைத்தான் எடுக்கும் மேடம். எழுத்து போகாது. குளிர்காலத்துல பழைய கடைக் கண்ணாடில ஊதினா முந்தின முதலாளி பேரு எழுந்து வரும். ஆவி படணும், அவ்வளவுதான்."

மேடம் மெதுவாகத் திரும்பி ஃப்ளாஸ்க்கின் தோளைப் பார்த்தார்.

"மேடம், வேணாம். அது என் மத்தியான டீ."

"நீங்க அந்தப் பொண்ணு ரூமுக்குப் போய்ப் பொருளை எடுத்து வைங்க. நான் கையைத் தூக்கினதும் கண்ணாடி ஓரமா மூடியைத் திறங்க."

இரண்டு அறைக் கதவுகளும் அடுத்தடுத்து வராந்தாவைப் பார்த்து இருந்தன. நடுச்சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் என் தங்கையின் ஆய்வறை, இந்தப் பக்கம் துணை மேலாளர். எந்தக் கடைக்குப் போனாலும் காலால் அளந்து பார்க்கும் பழக்கம் எனக்கு. கதவுக்குக் கதவு ஏழு அடி.

அவரைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்டிருக்கிறேன். தங்கை அவருக்கு வைத்த பெயர் சுழல்நாற்காலி. "எங்க அறுகோணம் தட்டையா இருக்காதுண்ணா. சாய்வு நாற்காலி மாதிரி வளைஞ்சு உட்கார்ந்திருக்கும். ஆனா அதுகூட ஒரு நொடில லட்சம் தடவை புரண்டு படுக்கும். இந்த மனுஷன் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான்" என்பாள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறியது நினைவிருக்கிறது.

இப்போதும் அதில்தான் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலியோடு அரைச் சுற்றுத் திரும்பினார்.

"உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி மாதிரிதான்" என்றார் என்னிடம்.

என் நாக்கு நுனிக்கு வந்ததை அச்சில் ஏற்ற முடியாது.

மேடம் நகலை மேஜையில் வைத்தார். "இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு சார்?"

"லீவுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களே கொடுத்துட்டுப் போனாங்க. நான் பிரிச்சுக்கூடப் பார்க்கல, அப்படியே அனுப்பிட்டேன். இந்தக் கோட்டு வேலையெல்லாம் விட்டு எனக்கு இருபது வருஷமாச்சு."

"அவங்க வரைஞ்சதை வேற எங்கேயும் பார்த்ததில்ல?"

"இல்லவே இல்ல." பிறகு குரலைக் குழைத்தார். "பாருங்க, நானும் உங்களுக்கு உதவணும்னுதான் நினைக்கிறேன். மூலக்கூறு சும்மா இருக்காது. மடங்கும், சுழலும், புரளும். அப்படி எங்கேயோ தானா மாறியிருக்கலாம்னு குழுகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன். அவங்க பேர்ல கொஞ்சம் பாரம் குறையும்."

பிச்சை போடுகிறார். என் காது சூடானது.

"சார் இப்ப நாற்காலில சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கீங்க" என்றார் மேடம். "நிமிர்ந்து உட்காரலாம். கால் மேல கால் போடலாம். ஒரு சுத்து சுத்தலாம். உங்க வலது கை இடது கையாயிடுமா?"

"அது எப்படி…"

"ஆகாதுல்ல? வெட்டி எடுத்து மாத்தித் தைச்சாத்தான் ஆகும். மடங்கறது வேற, கை மாறறது வேற. இன்ஷூரன்ஸ்காரி எனக்கே பத்து நாள்ல புரிஞ்சுது. உங்களுக்குச் சம்பளம் போட்டு வெச்சிருக்காங்க."

அவர் முகம் கறுத்தது. மேடம் தலைமுடியைச் சரிசெய்வது போலக் கையைத் தூக்கினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃப்ளாஸ்க் என் தங்கையின் சாப்பாட்டு டப்பாவையும் ஒரு ஜோடி செருப்பையும் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். தன் பெயருக்குக் காரணமானதைத் திறந்து கண்ணாடி அருகே பிடித்தார். ஆவி மேலே ஏறியது. கண்ணாடி வெளுத்தது. வெளுப்பின் நடுவில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

வளைந்த அறுகோணம். தடித்த கோடு. துண்டுக் கோடு. மூன்று இடத்தில் ஹெச்சும் ஓவும்.

நான் மேஜையில் இருந்த தாளைப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். மறுபடியும் தாளை. ஒரே படம். எந்தக் கோடு எந்தப் பக்கம் என்பதில்கூட மாற்றமில்லை. மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் கை வழுக்கியது போல நீண்டிருந்தது. தாளிலும் அதே கோடு, அதே நீளம்.

அப்படியானால் அவள்தான் வரைந்திருக்கிறாள். இடக்கை மருந்தை, தன் கையாலேயே. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, செத்துப்போன என் தங்கைமேல் எனக்குக் கோபம் வந்தது. அந்த நொடிக்காக இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

துணை மேலாளருக்கு உயிர் திரும்பியது. "பார்த்தீங்களா! அதே படம்! இதோ இந்த நீளக் கோடுகூட அப்படியே இருக்கு. நான் சொன்னா நம்பலையே நீங்க."

"அதேதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்."

"கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லுவான்."

"உங்க நாற்காலில உட்கார்ந்து பார்க்கறப்ப, ரெண்டு படமும் ஒண்ணு. அப்படித்தானே? அதை இந்த நகலுக்குப் பின்னால எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. நாங்க தோத்துட்டோம்னு வீட்டுக்குப் போயிடறோம்."

அவர் பேனாவைத் திறந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். எழுதினார், கையெழுத்திட்டார், தேதியும் போட்டார். மேடம் மை காயும் வரை விசிறி, மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் கைபேசியை எடுத்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் படம் பிடித்தார்.

"தம்பி, உங்க தொழில் என்ன?"

"இப்ப எதுக்கு மேடம் அது?"

"சொல்லுங்க."

"கடைக் கண்ணாடில எழுதறது."

"வெளிப்பக்கமா?"

"இல்ல, உள்பக்கம் நின்னு. அப்பதான் மழையில போகாது. வெளியே நிக்கிறவங்களுக்கு நேராத் தெரியணும்னு எல்லா எழுத்தையும் இடம் வலம் மாத்திப் போடணும்."

"எல்லா எழுத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். இங்கிலீஷ்ல சிலது மட்டும் மாத்த வேண்டாம், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணுதான். ஏ, ஹெச், ஓ…"

என் வாய் அப்படியே நின்றது.

ஹெச். ஓ. அந்தப் படத்தில் வேறு எழுத்தே இல்லை. ஒரே ஓர் எழுத்து, ஓர் ஆர், ஓர் என் இருந்திருந்தால்கூடத் திரும்பி நின்று காட்டிக்கொடுத்திருக்கும். எதுவும் இல்லாததால் பின்பக்கம் முன்பக்கம் மாதிரியே இருந்தது. தடித்த கோடு பின்னாலிருந்து பார்த்தாலும் தடித்துத்தான் தெரியும். துண்டுக் கோடு துண்டாகத்தான் தெரியும். இடமும் வலமும் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். வலக்கை இடக்கையாகிவிடும்.

நான் நின்றுகொண்டிருந்தது கண்ணாடியின் தப்பான பக்கம். பதினெட்டு வருடமாக அதையே தொழிலாகச் செய்பவன், என் தங்கையின் படத்தில் கோட்டைவிட்டேன்.

"அவ எழுதினது அந்தப் பக்கம்" என்றேன். "அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்குச் சரியாத் தெரியும். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்து வரைஞ்சவனுக்குத்தான் இந்தத் தாள்ல இருக்கறது கிடைக்கும்."

"இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு" என்றார் மேடம். "அதுல உட்கார்ந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுன்னு சாரே எழுதிக் கொடுத்திருக்காரு. லீவுல இருக்கற பொண்ணுகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்கல. உட்கார்ந்த இடத்துலயே பார்த்து வரைஞ்சு, அவ கையெழுத்தையும் போட்டு அனுப்பிட்டாரு. அவ எழுதினதை எங்கேயும் பார்த்ததே இல்லைன்னு வேற சொன்னீங்க, இல்ல சார்?"

துணை மேலாளர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வந்தார். சட்டைக் கையால் தேய்த்தார். வேகமாக, பைத்தியக்காரன் மாதிரி. கோடுகள் போகவில்லை. அவர் தேய்த்தது அவருடைய பக்கம். என் தங்கையின் எழுத்து அவர் கைக்கு எட்டாத பக்கத்தில் இருந்தது. ஃப்ளாஸ்க் அங்கிருந்து அவரைப் பார்த்துக் கையசைத்தார்.

"அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்னு மேலிருந்து நெருக்குனாங்க" என்றார் அவர். முகத்தில் வேர்வை. "ஒரே ஒரு படம்… யாருக்குத் தெரியும்…"

"பதினோரு பேருக்குத் தெரியும்!" என்று கத்தினேன். "நாலு பேருக்கு இனிமே எதுவுமே கேட்காதுடா!"

மேஜையைச் சுற்றி எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் சட்டைக் காலர் என் கையில் இருந்தது. மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதுக்கு மீறிய பிடி.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இந்தக் கை எனக்குச் சுத்தமா வேணும் தம்பி. போங்க. உங்க தங்கச்சி பக்கம் போய்ப் பாருங்க."

விட்டேன். வெளியே வந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். நொண்டிக்கொண்டு நடந்தாலும் பத்து நொடி ஆகாது. ஏழாவது அடியில் அவள் அறை.

ஃப்ளாஸ்க் கைபேசியில் படம் பிடித்து முடித்திருந்தார். "தம்பி, டீ தீர்ந்துபோச்சு. படம் மறையுது" என்றார்.

நான் கண்ணாடியை ஒட்டி நின்று ஊதினேன். என் மூச்சில் அவள் கோடுகள் திரும்ப வந்தன. மருந்துச் சோதனைக்கு அனுமதி கொடுத்த தாளில் இருந்த அதே வலக்கைப் படம். ஒரு கோடுகூடத் தப்பில்லை. கை வழுக்கிய அந்த நீளக் கோடு மட்டும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது என்று நான் போன் செய்த நேரமாக இருக்கலாம். தெரியவில்லை. மங்க மங்க ஊதிக்கொண்டே இருந்தேன்.

"காலைல வந்த அந்தப் பொண்ணையும் நாளைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

"வேன்ல இடம் இருக்கு தம்பி. அம்மாவும் வரட்டும். நான் டிக்கெட் கேட்க மாட்டேன்" என்றார் ஃப்ளாஸ்க். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோடுகளுக்கு நடுவில், அந்தப் பக்கம், துணை மேலாளர் தெரிந்தார். மேடம் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சார், ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு பாருங்க. ஏழு அடிதான்."

நான் காத்திருந்தேன். மேடமும் காத்திருந்தார். அந்த மனிதர் நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

"வர மாட்டாரு, தம்பி" என்றார் மேடம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. "அன்னிக்கும் வரலையே."